காற்று எந்த வழியாகப் போகிறது?



ஆட்டோ, லோடு ஆட்டோ, டிராக்டர் டிரெய்லர் என்று குழுக் கடனில் வண்டி வாங்கி ஓட்டும் உறுப்பினர்கள் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். கணவரோ மகனோ ஓட்ட, தவணையைத் தாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் உறுப்பினர்கள் அதைவிட அதிகம். சாலையோரப் பெட்டிக்கடையில் ஒரு கம்ப்ரசரை வைத்துக் காற்றடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு தலைவலியைப் பற்றித்தான் இந்த மாதத் தொழில் பாடம்.

"ராத்திரி நல்லாத்தான் நிறுத்தினோம். காலைல பாத்தா வண்டி ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது" என்பார்கள். பஞ்சர் கடைக்கு உருட்டிக்கொண்டு போனால், "ட்யூப் போச்சுக்கா, புதுசு போட்டுடலாம்" என்று பதில் வரும். புது ட்யூப் போடுவோம். பத்து நாளில் அதே சக்கரம், அதே கதை. இன்னொரு ட்யூப். அந்த மாதம் சவாரிக் காசில் பாதி டயர் கடைக்குப் போகும். தவணைக்குக் குழுவில் உள்கடன் கேட்க வேண்டி வரும்.

ட்யூப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பல சமயம் அதை ஓட்டை போடுகிற பொருள் வீலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆட்டோவின் வீல் ஒரே துண்டு அல்ல, இரண்டு துண்டு. லாரி வீலுக்கு ரிங் தனி. சில விலை உயர்ந்த கார்களின் வீல் மூன்று துண்டுகூட இருக்கும். இப்படித் துண்டு சேர்த்துச் செய்த வீலில் காற்று இறங்கினால் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. பயப்பட வேண்டிய இடங்களும் வேறு. பயம் என்று சொல்வது சும்மா இல்லை. இந்த வேலையில் கை, முகம், உயிர் போனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

இரண்டு தாம்பாளம்

வீட்டில் இரண்டு சின்னத் தாம்பாளங்களை எடுத்து முதுகோடு முதுகு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். விளிம்புகள் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். நடுவில் ஒரு பள்ளம் கிடைக்கும். அந்தப் பள்ளத்தில்தான் டயர் உட்காருகிறது. இரண்டு தாம்பாளங்களையும் நட்டு போட்டு இறுக்கினால் அதுதான் ஆட்டோ வீல். பழைய வெஸ்பா, பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டர்களிலும் இதே அமைப்புதான்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? ஆட்டோ டயரின் அளவு பெரும்பாலும் 4.00-8. அதாவது ரிம்மின் விட்டம் எட்டு அங்குலம்தான். டயர் சின்னது, ஆனால் பாரம் தாங்க வேண்டும் என்பதால் ஓரம் தடிமன். சைக்கிள் டயரைப் போல நெம்பி ஏற்றுவது கஷ்டம். ரிம்மை இரண்டாகப் பிரித்துவிட்டால், டயரை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் மூடிவிடலாம். நெம்புகோலே அதிகம் வேண்டாம்.

இதில் காற்றைப் பிடித்து வைப்பது ட்யூப் மட்டும்தான். இரண்டு பாதியும் சேரும் இடுக்கு வழியாகக் காற்று தாராளமாகப் போய்வரும். ஆகவே ஆட்டோ வீலின் இடுக்கில் எதையாவது பூசி அடைத்தால் காற்று நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புதிதாக வரும் சில மூன்று சக்கர வண்டிகளில் ட்யூப்லெஸ் டயரும் ஒரே துண்டு ரிம்மும் இருக்கின்றன. உங்கள் வண்டியில் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ரிம்மின் பள்ளத்தில் சுற்றிலும் ஒரு நடுக்கோடு தெரிந்து, சுற்றி நட்டு வரிசை இருந்தால் அது இரண்டு துண்டு.

கை வைக்கும் முன்

இந்த வீலில் இரண்டு வகை நட்டுகள் உண்டு. ஒன்று, வீலை வண்டியோடு பிடித்திருக்கும் நட்டு. இதை ஹப் நட்டு என்போம். இன்னொன்று, வீலின் இரண்டு பாதியையும் ஒன்றோடொன்று பிடித்திருக்கும் நட்டு. இது ரிம் நட்டு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சில வண்டிகளில் ஒரே ஸ்பேனர் இரண்டுக்கும் பொருந்தும். ஆபத்தே இங்கேதான்.

சக்கரத்தைக் கழற்ற வந்தவர் தவறிப்போய் ரிம் நட்டைக் கழற்ற ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். டயரில் 30 காற்று என்று கடையில் சொல்வது, ஒவ்வொரு சதுர அங்குல இடத்திலும் 30 பவுண்டு எடை அழுத்துகிறது என்று அர்த்தம். கிலோவில் சுமார் 13.5. உங்கள் உள்ளங்கை, விரல்களை விட்டுவிட்டு, மூன்று அங்குல அகலம், நாலு அங்குல நீளம் என்று வையுங்கள். அது 12 சதுர அங்குலம். ஆக, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் 162 கிலோ தள்ளுகிறது. மூன்று சிமெண்ட் மூட்டைக்கு மேல். வீல் முழுக்க எத்தனை உள்ளங்கை இடம் இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அத்தனையையும் அந்தச் சில ரிம் நட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாதி நட்டைக் கழற்றிவிட்டால் மீதி நட்டின் மரை பிய்த்துக்கொண்டு ரிம்மின் ஒரு பாதி எதிரே இருப்பவர் முகத்தை நோக்கித்தான் வரும்.

ஆகவே காற்று முழுவதும் இறங்கும்வரை ரிம் நட்டைத் தொடக் கூடாது. "டயர் தட்டையாத்தானே இருக்கு" என்பது போதாது. வால்வின் உள்ளே இருக்கும் சிறு பின்னைத் திருகிக் கழற்றி வெளியே எடுத்துவிட வேண்டும். அழுத்திப் பிடித்துக் காற்றை விடுவது மட்டும் பத்தாது. சேறோ பிசினோ வால்வை அடைத்திருந்தால் காற்று வருவது நின்றுவிடும், உள்ளே பாதி இருக்கும். பின்னை எடுத்த பிறகு ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள். டயரைக் காலால் மிதித்துப் பாருங்கள். துவண்டு மடங்க வேண்டும். அதன் பிறகுதான் ஸ்பேனர்.

இதை உறுப்பினர்கள் வீட்டு ஆண்களிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவைப்பது நல்லது. அவசரத்தில் கழற்றுகிறவர் அவர்தான்.

கழற்றாமலே தெரிவது

காற்று இறங்கியது என்றால் உடனே சக்கரத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. காற்று அடித்து, வால்வு மூடியைத் திறந்து, வாயில் கொஞ்சம் எச்சிலைத் தொட்டுப் பூசிப் பாருங்கள் என்பார்கள் பழைய ஆட்கள். துணி சோப்பைக் கரைத்த தண்ணீர் அதைவிட நல்லது. குமிழி எழும்பினால் வால்வு பின் தேய்ந்திருக்கிறது அல்லது சரியாக இறுகவில்லை. பின் மாற்றினால் முடிந்தது. ட்யூப்பின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. வால்வுக்கு மூடி போடாமல் ஓட்டுவதால் மண் புகுந்து இப்படி ஆவது நிறையவே நடக்கிறது. மூடி சின்ன சாமான்தான், ஆனால் மண்ணை வெளியே நிறுத்துவது அதுதான்.

அடுத்து டயரைச் சுற்றிக் கண்ணால் பாருங்கள். ஆணி இருந்தால் தெரியும். நம் பக்கத்தில் ஆணியைவிட மோசமானது சீமைக் கருவேல முள். வெளியே கறுப்புப் புள்ளி போலத் தெரியும், உள்ளே அரை அங்குலம் இறங்கியிருக்கும். வேலி வெட்டிய பாதையில் போய் வந்த அன்றைக்கு நாலு சக்கரம் இருந்தால் நாலையும் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதும் ஒரு சேதி சொல்லும். ஒரு மணி நேரத்தில் தட்டையானால் முள்ளோ ஆணியோ இருக்கும். இரண்டு மூன்று நாளில் மெதுவாக இறங்கினால் வால்வு, பழைய பேட்ச், அல்லது ரிம் துரு. காலையில் அளந்து நடுப்பகலில் அளந்தால் எண் மாறும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். வெயிலில் ஓடிச் சூடேறினால் காற்று விரிந்து அழுத்தம் கூடும். ஆகவே எப்போதும் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும்.

ட்யூப்பைப் படிப்பது

சரி, பிரித்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பயணிகளை இறக்கி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஹப் நட்டைத் தரையிலேயே கொஞ்சம் தளர்த்தி, பிறகு ஜாக்கி வைத்து வீலைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டுங்கள். ஆளை வைத்து வண்டியைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி மாற்றும் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். பிடித்தவர் கை நழுவினால் கீழே இருப்பவர் கதி என்ன? கட்டையாவது கொடுங்கள்.

கழற்றிய வீலில் வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இந்தக் கோட்டைப் போட மறந்தால் பாதி வேலை வீண். ஏனென்று சொல்கிறேன். ட்யூப்பில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்த பிறகு, அதே இடத்துக்கு நேராக டயரிலும் ரிம்மிலும் தேட வேண்டும். கோடு இருந்தால்தான் எந்தப் பக்கம் எது என்று தெரியும்.

காற்றை முழுவதும் இறக்கி, ரிம் நட்டுகளைக் கழற்றி, இரண்டு பாதியையும் பிரித்து, ட்யூப்பை வெளியே எடுங்கள். கொஞ்சம் காற்று அடித்துத் தண்ணீர்த் தொட்டியில் சுற்றிச் சுற்றி அமுக்கினால் குமிழி வரும். இதுவரை எல்லாக் கடையிலும் செய்வார்கள். இதற்கு அடுத்துச் செய்ய வேண்டியதைத்தான் பாதிப் பேர் செய்வதில்லை. ஓட்டை ட்யூப்பின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சாலையைப் பார்த்த பக்கத்தில் ஒரே ஒரு சின்ன ஓட்டை என்றால் முள் அல்லது ஆணி. டயரின் உட்புறத்தைத் துணியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். விரலால் தடவாதீர்கள், குத்தும். துணி மாட்டிக்கொள்ளும் இடத்தில் முள் இருக்கும். அதை எடுக்காமல் பேட்ச் ஒட்டினால் மறுநாளே திரும்பி வரும்.

ரிம்மைப் பார்த்த பக்கத்தில், அதாவது ட்யூப்பின் வயிற்றுப் பக்கத்தில் ஓட்டை என்றால் சாலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குற்றவாளி ரிம்தான். இரண்டு பாதியும் சேரும் கோட்டில் துரு ஏறி, செதில் செதிலாகப் பெயர்ந்து, பிளேடு போல நிற்கும். வண்டி குலுங்கக் குலுங்க ட்யூப்பை அது மெல்ல அறுக்கும். பத்து நாளுக்கு ஒரு ட்யூப் கேட்கிற வீல் பெரும்பாலும் இதுதான். எத்தனை புது ட்யூப் போட்டாலும் அது அறுத்துக்கொண்டேதான் இருக்கும்.

அந்தக் கோட்டை ஒட்டி நீளமாக, நசுங்கின மாதிரி, ஒன்றோ இரண்டோ கீறல் இருந்தால் போன தடவை மாட்டினவர் ரிம்மின் இரண்டு பாதிக்கும் நடுவில் ட்யூப்பைச் சிக்கவைத்துவிட்டார் என்று பொருள். கதவிடுக்கில் புடவைத் தலைப்பு மாட்டுவது மாதிரி. கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். "தம்பி, இது முள்ளு இல்ல, மாட்டும்போது சிக்கினது. இந்தத் தடவை கொஞ்சம் காத்து வச்சு மாட்டு" என்று சொன்னால் போதும். விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துகொள்வார்.

வால்வின் அடியில் கிழிந்திருந்தால் அது குறைந்த காற்றோடு ஓட்டியதன் பலன். டயர் ரிம்மில் சரியாகப் பிடிக்காமல் வழுக்கிச் சுற்றும். வால்வு ரிம்மின் துளையில் மாட்டி நிற்கும். நடுவில் ட்யூப் கிழியும். இந்த ஒன்றுக்கு மட்டும் பேட்ச் போட்டுப் பயனில்லை, ட்யூப்பை மாற்றியே ஆக வேண்டும்.

ஒட்டுவதும் மூடுவதும்

பேட்ச் ஒட்டுவது நம் பெண்கள் ஒரு மணி நேரத்தில் பழகக் கூடிய வேலை. ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, பளபளப்பு போன பிறகு துடைத்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, சில நிமிடம் காயவிட வேண்டும். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது, பிசுபிசுப்பு மட்டும் இருக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டுவதால்தான் பேட்ச் பெயர்கிறது. ஒட்டிய பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்கவும். பழைய பேட்ச் மேலேயே இன்னொரு பேட்ச் ஒட்டுவது வேண்டாம்.

இப்போது ரிம். துருவை அரத்தாலோ எமரித் தாளாலோ மழமழப்பாகும்வரை தேய்த்து எடுங்கள். இரண்டு பாதியும் ஒட்டும் முகத்தில் துருக்கட்டியோ பெயிண்ட் கட்டியோ இருந்தால் அவை சரியாகப் படியாது. இடைவெளி விழும். அந்த இடைவெளியில்தான் ட்யூப் சிக்கும். தேய்த்த இடத்தில் துருப்பிடிக்காத பெயிண்டை மெல்லியதாக அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டலாம். ஓரம் வளைந்த ரிம், துளை நீண்டுபோன ரிம், மரை தேய்ந்த போல்ட், இவற்றை ஒப்பேற்றக் கூடாது. ஒரு பாதியை மட்டும் மாற்றுவதானால் அதே வண்டிக்கு, அதே அளவுக்கு உரிய பாதியாகவே இருக்க வேண்டும்.

மாட்டும்போது ட்யூப்பை உருண்டை வடிவம் வருகிற அளவுக்கு மட்டும் காற்று வைத்து டயருக்குள் நுழைக்கவும். மடிப்பு இருக்கக் கூடாது. முகப்பவுடர் கொஞ்சம் தூவினால் ட்யூப் ஒட்டாமல் வழுக்கி உட்காரும். சாக்பீஸ் கோட்டுக்கு நேராக வால்வு வரட்டும். ரிம்மின் இரண்டு பாதியையும் மூடிய பிறகு, நட்டைப் போடும் முன் இடுக்கில் சுற்றிப் பாருங்கள், எங்காவது ட்யூப் எட்டிப் பார்க்கிறதா என்று. நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவும். ரிம் நட்டு எல்லாம் முழுவதும் இறுகிய பிறகே காற்று. முதலில் கொஞ்சம் அடித்து, டயர் ஓரத்தில் இருக்கும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு வண்டிப் புத்தகத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு ஏற்றவும். "கல்லு மாதிரி அடிச்சு விடு, நாளைக்குத் தாங்கும்" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அளவுக்கு மேல் அடித்தால் டயர் நடுவில் தேயும், வண்டி குதிக்கும். குறைவாக அடித்தால் ஓரம் தேயும், பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

லாரி ரிங்: இங்கே நாம் கை வைக்கக் கூடாது

டிராக்டர் டிரெய்லரும் மினி லாரியும் வாடகைக்கு விடும் உறுப்பினர்களுக்கு இந்தப் பகுதி. பழைய வகை ட்யூப் டயர் வீலில் ஒரு பக்கத்து ஓரம் தனி வளையமாக இருக்கும். அதைப் பூட்டுவதற்கு வெட்டு விட்ட ஒரு லாக் ரிங் இருக்கும். சில வீல்களில் இரண்டு வேலையையும் ஒரே ரிங் செய்யும். உள்ளே டயர், ட்யூப், ட்யூப்பை ரிம் அறுக்காமல் காக்கும் ஃபிளாப் என்ற ரப்பர் பட்டை. இங்கேயும் காற்றை வைத்திருப்பது ட்யூப்தான். ஃபிளாப் கிழிந்தோ மடிந்தோ இருந்தால் ட்யூப் அடிக்கடி போகும். ட்யூப் மாற்றும்போது ஃபிளாப்பையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆட்டோவில் 30 என்றால் லாரியில் 100. முன்பு போட்ட அதே கணக்கில் உள்ளங்கை இடத்தில் 540 கிலோ. பத்து சிமெண்ட் மூட்டைக்கு மேல். ரிங் பள்ளத்தில் சரியாக உட்காராமல் காற்று ஏறினால் அது பறந்து வரும். எதிரே இருப்பவர் பிழைப்பது கஷ்டம். இந்த வேலையில் தொழிலாளர்கள் செத்துக்கொண்டே இருந்ததால் அமெரிக்காவில் 1980-ல் துண்டு சேர்த்த வீல்களுக்கென்றே தனிப் பாதுகாப்பு விதி கொண்டுவந்தார்கள். 1984-ல் ஒரே துண்டு லாரி வீல்களையும் அதில் சேர்த்தார்கள். விதி சொல்வது புரியாத விஷயம் இல்லை. கழற்றிய வீலுக்குக் காற்றடிக்கும்போது அதை இரும்புக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். காற்றுக் குழாய் நீளமாக, வால்வில் தானே கவ்விக்கொள்வதாக இருக்க வேண்டும், அடிப்பவர் ரிங் பறக்கும் பாதையை விட்டு விலகி நிற்க வேண்டும். ஒரு கம்பெனி ரிங்கை இன்னொரு கம்பெனி வீலில் போடக் கூடாது. இருக்க வேண்டிய காற்றில் நூற்றுக்கு எண்பதோ அதற்குக் குறைவோ ஆன நிலையில் ஓடிய டயரென்றால், வண்டியிலிருந்து வீலைக் கழற்றும் முன்பே வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுவதும் இறக்கிவிட வேண்டும். 100 இருக்க வேண்டிய டயர் 80-க்கு வந்து ஓடியிருந்தால் அதற்கு மேலே காற்றடித்து ஒப்பேற்றக் கூடாது, பிரித்துப் பார்த்த பிறகுதான்.

பின்னால் இரட்டைச் சக்கரம் என்றால், வெளிச் சக்கரத்தைக் கழற்றவும் இரண்டிலும் காற்றை இறக்கிவிடுவதுதான் பத்திரம். உள்வீலின் ரிம் வெடித்திருந்தால் நட்டு தளர்ந்த நிமிடம் தெறிக்கும்.

உங்கள் டிரெய்லரை விடும் கடையில் கூண்டு இருக்கிறதா என்று பாருங்கள். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது ரிங்கைச் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கிற கடையாக இருந்தால் வேறு கடை பாருங்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. காற்றடிக்கும் இடத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இன்னொன்று. ரிம் விரிசல் விட்டால் டயரோடு சேர்த்து வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் நெருப்பு வைக்கவே கூடாது. காற்று இறக்கியிருந்தாலும் கூடாது. சூட்டில் டயருக்குள் ரப்பர் ஆவி சேர்ந்து வெடிக்கும்.

கார் வீலில் மட்டும் இடுக்கை அடைக்க வேண்டும்

சாதாரண கார்களின் வீல் ஒரே துண்டாகத்தான் வேலை செய்யும், பிரிக்க முடியாது. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர்களிடம் எப்போதாவது ஒரு கார் வரும், வீல் முகத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன போல்ட் மின்னும். சில வீல்களில் அழகுக்காகப் பொய் போல்ட் ஒட்டியிருப்பார்கள். நிஜமாக இருந்தால் அது இரண்டு அல்லது மூன்று துண்டு அலாய் வீல். நடுத்தட்டு ஒன்று, வெளி வளையம் ஒன்று, உள் வளையம் ஒன்று. ஜெர்மனியில் ஷில்டாக் என்ற ஊரில் 1970-ல் தொடங்கிய பி.பி.எஸ். கம்பெனி பந்தயக் கார்களுக்காக இந்த மூன்று துண்டு வீலைப் பிரபலமாக்கியது. ஓரம் நசுங்கினால் முழு வீலை வீசாமல் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம் என்பது வசதி.

இதில் ட்யூப் கிடையாது. காற்றைத் தடுப்பது துண்டுகள் சேரும் கோட்டில் சுற்றிலும் பூசியிருக்கும் சிலிக்கான் பசை. வருடம் ஆக ஆகப் பசை காய்ந்து வெடிக்கும். காற்று மெல்லக் கசியும். வீலைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும். டயர் ஓரத்தில் வந்தால் ரிம்மின் ஓரத்தில் வெள்ளைப் பொடி போல அரிப்பு இருக்கும், சுத்தம் செய்தால் நிற்கும். வால்வில் வந்தால் வால்வு மாற்ற வேண்டும். போல்ட் வரிசையிலோ நடுக்கோட்டிலோ வந்தால் பசை போயிற்று என்று அர்த்தம். உலோகத்தின் நடுவிலேயே வந்தால் விரிசல். விரிசலுக்குப் பசை பூசி அனுப்புவது பாவம். அந்த வீல் ஓடக் கூடாது.

பசைதான் என்றால் காற்றை முழுவதும் இறக்கி, டயரைக் கழற்றி, பழைய பசையைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுத்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, உள்பக்கக் கோட்டில் இடைவெளி விடாமல் புதுச் சிலிக்கானை இழுத்துவிட வேண்டும். பாத்ரூம் கண்ணாடிக்கு ஒட்டும் மலிவான சிலிக்கானில் வினிகர் வாடை அடிக்கும். அது அலுமினியத்தை அரிக்கும், வேண்டாம். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். பூசிய பிறகு ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். வண்டிக்காரர் அவசரப்படுத்துவார். பாதி காய்ந்த பசையில் காற்றடித்தால் அது ஊதிக்கொண்டு வந்துவிடும், பழைய இடத்துக்கே வந்து நிற்போம். ஒரு நாள் தர முடியாது என்றால் ஸ்டெப்னியில் அனுப்பிவிடுங்கள். அந்தச் சின்ன போல்ட்டுகளை மட்டும் தளர்த்த வேண்டாம். அவற்றை எவ்வளவு பலத்தில் இறுக்க வேண்டும் என்று வீல் கம்பெனி கணக்கு வைத்திருக்கிறது, அதற்கென அளவுகாட்டும் ஸ்பேனர் உண்டு. அது இல்லாத கடையில் கைக்கணக்கில் இறுக்கினால் போல்ட் அறுந்துவிடும்.

குழுவுக்கு ஒரு பெட்டி

பந்தல் சாமான், பெரிய பாத்திரம் இவற்றைப் பொதுவில் வாங்கி வைத்திருக்கும் குழுக்கள் இருக்கின்றன. அதே போல வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கிவைக்கலாம். காற்று அளக்கும் மீட்டர், கால் பம்பு, வீல் ஸ்பேனர், வால்வு பின் கழற்றும் சாவி, நாலு வால்வு பின், மூடிகள், உப்புத்தாள், பேட்ச், சொல்யூஷன். சொல்யூஷன் டப்பாவைத் திறந்தால் காய்ந்துவிடும் என்பதால் சிறிய டப்பாவாக வாங்கவும். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

பெட்டிக்குள் ஒரு நோட்டும் இருக்கட்டும். வரவு செலவு எழுதிப் பழகின நமக்கு இது புதிது இல்லை. தேதி, எந்தச் சக்கரம், ட்யூப்பில் ஓட்டை சாலைப் பக்கமா, ரிம் பக்கமா, வால்வு அடியிலா, கொடுத்த காசு எவ்வளவு என்று நாலே கட்டம். ஒரே சக்கரத்துக்கு "ரிம் பக்கம்" என்று இரண்டு முறை எழுதியிருந்தால் மூன்றாவது ட்யூப் வாங்கும் முன் அந்த ரிம்மைத் தேய்க்கக் கொடுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். பெட்டி யாரிடம் இருக்கிறது என்பதை மாதக் கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளவும்.